மூன்றரை அடி உயர்ந்த தெரு

இந்தக் காலத்து மனிதர்களுக்குக் கண்ணை எதற்காக வைத்திருக்கிறது என்று தேசிங்குவுக்கு விளங்கவேயில்லை. மழை வருமா என்று யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை, உள்ளங்கையைப் பார்க்கிறார்கள். எதிரே குழி இருந்தால் அதையும் உள்ளங்கைதான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விழுகிறார்கள். போன வாரம் ஒருவன் வண்டியோடு வாய்க்காலுக்குள் போனான். தேசிங்குதான் இறங்கி அவன் காலரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். எழுந்து உட்கார்ந்தவன் முதல் வேலையாக உள்ளங்கையிலிருந்த கருவியைத் துடைத்து, "இங்க வாய்க்கால் இருக்கா?" என்று அதைக் கேட்டான். அது இருக்கிறது என்றதும் அதற்கு நன்றி சொன்னான். இடுப்பளவு சேற்றில் நின்றிருந்த தேசிங்குவை அவன் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

இவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். இந்தக் கல் பார்க்க வருகிறவர்களை என்ன செய்வது?

கடலூருக்குத் தெற்கே ஆலப்பேட்டையில், பாலத்தடித் தெரு மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து இறங்குகிற இடத்தில் ஒரு சிறுபாலம் உண்டு. பாலத்தை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு ஒரு சதுரக் கல். தலையில் ஒரு அம்புக்குறி, பக்கவாட்டில் ஒரு நம்பர். சர்வேக்காரர்கள் என்றைக்கோ வைத்த பெஞ்ச்மார்க் கல். கடல் மட்டத்திலிருந்து இந்த இடம் எவ்வளவு உயரம் என்று சொல்வதற்கான அடையாளம். ரோடு போடுகிற கேங் கூலிகள் அதைப் பெஞ்சுக்கல் என்பார்கள். தேசிங்கு முப்பது வருடம் கேங் கூலி. மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவர். எழுபத்து நாலு வயது. அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து பீடி குடிப்பதைத் தவிர அதற்கு வேறு உபயோகம் எதையும் அவர் கண்டதில்லை.

இரண்டு வருடமாக அந்த பீடிக்கும் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கார் கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆளுயரக் கம்பு, அதன் உச்சியில் கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு வெள்ளைக் கருவி. கம்பைக் கல்லின் தலையில் ஊன்றிப் பத்து நிமிடம் அசையாமல் நிற்கிறார்கள். பிறகு கல்லோடு படம் எடுத்துக்கொண்டு, கைதட்டிவிட்டுப் போகிறார்கள்.

அன்றைக்கு வந்தது ஒரு அம்மாள். டவுனில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் வனஜோதி. நாற்பத்தைந்து வயதிருக்கும். தேசிங்குவின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதும் அவர்தான்.

"என்னா டாக்டரம்மா, பல்லு மொளைக்காத எடத்துல என்னா தேடறீங்க?"

"ஐயாவா? கொஞ்சம் எழுந்துக்கறீங்களா? கல்லு மேல கம்பு வைக்கணும்."

தேசிங்கு எழுந்தார். "இது என்னா வேண்டுதலா?"

"பொழுதுபோக்கு ஐயா. ஊர் ஊரா இந்த மாதிரிக் கல்லு இருக்கு. முன்னெல்லாம் ஒரு கல்லோட விவரம் வேணும்னா மனு எழுதிப் போட்டுட்டு மாசக்கணக்கா காத்திருக்கணும். இப்போ எல்லாத்தையும் திறந்து விட்டுட்டாங்க. ஒரே அமுக்கு. பதினெட்டாயிரத்து நானூத்தி ரெண்டு கல்லோட விவரமும் மொத்தமா டவுன்லோடு ஆயிடுச்சு. நான் ஒரு பல்லுக்கு மருந்து வச்சு அடைக்கறதுக்குள்ள."

"பதினெட்டாயிரமுமா? வெச்சிக்கினு என்னா பண்ணுவீங்க? ஊட்டுக்கு அஸ்திவாரமா போடப் போறீங்க?"

வனஜோதி சிரித்தார். "ஒவ்வொண்ணையும் நேர்ல போய்க் கண்டுபிடிக்கணும். சாட்டிலைட்டுல அளந்து பதிவு போடணும். எங்க கல்வேட்டைக் குழுவுல ரெண்டாயிரம் பேர் இருக்கோம். உங்க கல்லு ரொம்ப ஃபேமஸ். இதுவரைக்கும் நானூத்திப் பன்னெண்டு பதிவு."

"இதுல என்னா இருக்குது ஃபேமஸாவறதுக்கு?"

"ஐயா, இந்தக் கல்லு வளருது."

தேசிங்கு கல்லைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார்.

"சர்க்கார் ஏட்டுல இதோட உயரம் பத்தடி. சாட்டிலைட்ல பார்த்தா பதிமூன்றரை அடி. ஒரு ஆளு அளந்தா தப்புன்னு சொல்லலாம். நானூத்திப் பன்னெண்டு பேர் அளந்தா? கல்லு பூமியில ஊணினது. கல்லு மேல போயிருக்குன்னா பூமி எழும்பியிருக்கு. உங்க தெரு மூன்றரை அடி உயர்ந்திருக்கு ஐயா! மட்டக்கண்ணே ஒத்துக்கிடுச்சு."

மட்டக்கண் என்பது அரசாங்கத்தின் கணிப்பு எந்திரம். மழைக்காலத்தில் எந்தத் தெருவுக்குப் பம்பு லாரி போக வேண்டும், எங்கே படகு நிற்க வேண்டும், யாரை எங்கே ஏற்றிப் போக வேண்டும் என்பதையெல்லாம் மனிதர்கள் முடிவு செய்வதை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. ஆரம்பத்தில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். கவுன்சிலர் வீட்டு வாசலுக்கு முதலில் போகாத பம்பு லாரியை ஜனங்கள் அப்போதுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார்கள். டிரைவர் இல்லாமல் தானாக வந்து, தும்பிக்கை மாதிரிக் குழாயை நீட்டி, தெருத் தண்ணீரை உறிஞ்சி ஆற்றில் விடுகிற அந்த லாரிக்குப் பாலத்தடித் தெருவில் யானை என்று பெயர்.

"தெரு எழும்பலம்மா," என்றார் தேசிங்கு. "நான் தூக்கினேன்."

"எதை?"

"கல்ல. ரோடு போடறப்போ பழைய ரோட்ட யாரு நோண்டி எடுக்கறாங்க? அது மேலயே ஜல்லி கொட்டி, அது மேலயே தார ஊத்துவோம். ரோடு ஒரு அடி, ஒண்ணேகால் அடி ஏறும். கல்லு மூடிக்கும். ஆபீசரு வந்தா கல்லு எங்கடான்னு கேப்பாரேன்னு தூக்கி மேல வெச்சு, வெள்ளையடிச்சுட்டுப் போவோம். மூணு தடவ ரோடு போட்டோம். மூணு தடவையும் தூக்கினோம். மூன்றரை அடி."

வனஜோதி பரிவோடு அவரைப் பார்த்தார். பல் வலிக்காரர்கள் தங்களுக்கு எந்தப் பல் வலிக்கிறது என்று தவறாகக் காட்டும்போது பார்க்கிற அதே பார்வை.

"அரசாங்கக் கல்லை அப்படியெல்லாம் தூக்க மாட்டாங்க ஐயா. உங்களுக்கு மைல்கல் ஞாபகம் வந்திருக்கும்."

"சரி, கண்ணால பாருங்க. ரோட்டுலேர்ந்து என் ஊட்டுக்கு அஞ்சு படி எறங்கணும். என் ஜன்னல்ல நின்னு பாத்தா ரோட்டுல போறவங்க செருப்புதான் தெரியுது. தெரு எழும்பியிருந்தா நான் ஏன் எறங்கிப் போறேன்?"

வனஜோதி எட்டிப் பார்த்தார். உண்மையிலேயே பார்த்தார். "நீங்க சொல்றது புரியுது. ஆனா தெருவை யாரும் தனியா அளக்கறதில்ல. பழைய சர்வே மேப்புல கல்லைவிட உங்க தெரு ஒரு அடிதான் தாழ்வு. கல்லு ஏறினா தெருவும் கூடவே ஏறினதாத்தான் கணக்கு. நீங்க பார்க்கறது ஒரே ஒரு ஆளு பார்க்கறது. அதுக்கு வெயிட் கம்மி."

கம்பை மடக்கினார். "நானூத்திப் பதிமூணு," என்று கருவியிடம் சொன்னார். அது ஒரு தடவை கைதட்டியது.

*

பத்து நாளில் செய்தி வந்தது. தெருவில் எல்லார் கருவியிலும் ஒரே நேரத்தில். பாலத்தடித் தெருவின் முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களுக்கும் வாழ்த்துகள், உங்கள் தெரு இனி மேட்டு நிலம், பம்புப் பட்டியலிலிருந்தும் படகுப் பட்டியலிலிருந்தும் விடுவிக்கப்படுகிறீர்கள்.

தேசிங்குவின் மனைவி வேம்பு கட்டிலில் படுத்தபடியே கேட்டாள். இடுப்பெலும்பு முறிந்து மூன்று வருடமாக அந்தக் கட்டில்தான் அவளுக்கு வீடு, வாசல் எல்லாம். போன பெரிய மழையில் கழுத்தளவு தண்ணீரில் படகு வந்து ஜன்னல் வழியாகத்தான் அவளை எடுத்தார்கள். அப்போது தண்ணீர் நின்ற மட்டத்தில் சுவரில் தேசிங்கு ஒரு ஆணி அடித்திருந்தார். அதில்தான் அவள் விசிறி தொங்கியது.

"இந்தாய்யா, விடுவிக்கறோம்னா என்னா அர்த்தம்?"

"யானை வராது. படகும் வராது."

"ஏனாம்?"

"நம்ப தெரு மூன்றரை அடி ஏறிப்போச்சாம்."

வேம்பு கூரையைப் பார்த்தாள். "ஏறியிருந்தா எனுக்குத் தெரியாதா? நான்தான் மூணு வருஷமா இங்கயே கெடக்குறேனே."

"நான் கல்லத் தூக்கினதுதான் கோளாறு."

"அன்னிக்கே சொன்னேன், உன் வேலையப் பாத்துக்கினு வாய்யான்னு. ரோடு போடச் சொன்னா போட்டுட்டு வர்றதுதானே? கல்லு மூடினா ஒனக்கு என்னா, ஒங்கப்பன் ஊட்டுக் கல்லா?" திரும்பிச் சுவரிலிருந்த ஆணியைப் பார்த்தாள். "மழை வந்தா என்னை யாரு தூக்குவா? நீயா? போன வாரம் தவலயத் தூக்கவே மூச்சு வாங்கினே."

தேசிங்கு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

*

வார்டு ஆபீசில் குணாளன் என்கிற அதிகாரி. முப்பத்தைந்து வயது, மரியாதையான ஆள். நாற்காலி போட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். அது தேசிங்குவின் சந்தேகத்தைக் கூட்டியது. எரிந்து விழுகிற அதிகாரியிடம் வேலை நடக்கும். இப்படித் தண்ணீர் கொடுக்கிறவன், 'முடியாது' என்று சொல்லத்தான் கொடுப்பான்.

"கல்லை நீங்க நகர்த்தினீங்க. சரி. உத்தரவு எண் சொல்லுங்க."

"உத்தரவாவது ஒண்ணாவது. ஜோதி மேஸ்திரி, 'டேய் தேசிங்கு, கல்லு மூடிக்கினு போவுது, தூக்கி வைடா'ன்னாரு. தூக்கி வெச்சேன்."

"அந்த மேஸ்திரி இப்போ எங்க இருக்காரு?"

"செத்துட்டாரு."

"கூடத் தூக்கினவங்க?"

"நாலு பேரு தூக்கினோம். மூணு பேரு பூட்டாங்க. மிச்சம் நானு."

குணாளன் எதையோ தட்டினார். திரை பதில் சொன்னது. அவர் அதைப் படித்துக் காட்டினார்: "குறிப்பிட்ட வருடங்களில் இந்தக் கல்லை நகர்த்த உத்தரவு எதுவும் இல்லை. எனவே கல் நகரவில்லை."

"உத்தரவு இல்லன்னா நகராதா?"

"உத்தரவு இல்லாம அரசாங்கக் கல்லை யாரும் தொட மாட்டாங்கன்னு அது நம்புது ஐயா."

"அது எந்த ஊர்ல பொறந்துச்சு?"

குணாளனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "இன்னொண்ணு. நீங்க இப்படி வெளிய சொல்லாதீங்க. அளவுக் கல்லை நகர்த்தறது குற்றம். மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்."

தேசிங்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். "போடுங்க."

"என்னது?"

"கேஸு போடுங்க. கேஸுன்னா எழுதித்தானே ஆவணும்? தேசிங்கு கல்லத் தூக்கினான்னு நீங்களே எழுதிட்டா அப்புறம் அந்தக் கண்ணு ஒத்துக்கினுதானே ஆவணும்?"

"கேஸ் போடணும்னா கல்லு நகர்ந்திருக்கணும் ஐயா. நகரலைன்னு இருக்கே."

தேசிங்கு தண்ணீர் டம்ளரை மேசைமேல் வைத்தார்.

"அப்போ ஒரு தடவ நேர்ல வந்து பாருங்க சார். அஞ்சு நிமிஷம். என் பொஞ்சாதி எழுந்து நடக்க மாட்டா. அந்த அஞ்சு படியையும் அவ படுத்திருக்கற எடத்தையும் பாத்துட்டுப் போங்க."

குணாளன் குரலைத் தாழ்த்தினார். "நேர்ல போய்ப் பார்க்கறதையே நிறுத்திட்டாங்க ஐயா. நேர்ல பார்த்தா இரக்கம் வந்துடுதாம். பட்டியல் மாறிப்போயிடுதாம். நானூத்திப் பதிமூணு பதிவுக்கு எதிரா நானூத்திப் பதினாலு பதிவு கொண்டாந்தா மறுபரிசீலனை பண்ணும். உங்க தெருவுல மொத்தம் எத்தனை பேரு?"

"குழந்தைங்களச் சேத்தா நூத்தி நாப்பது."

குணாளன் எழுந்து நின்று கைகூப்பினார்.

*

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் முதல் மழை. பெரிய மழையல்ல, சும்மா ஒரு எச்சரிக்கை. ஆனால் மத்தியானம் மூன்று மணிக்குப் பாலத்தடித் தெருவுக்குள் கார்கள் இறங்க ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, பத்து, நாற்பது. டவுனில் உள்ள வசதிக்காரர்களின் கார்கள். இந்த வட்டாரத்திலேயே உயரமான தெரு இதுதான், வண்டியை இங்கே நிறுத்துங்கள் என்று மட்டக்கண் சொல்லியிருந்தது.

"எறக்காதீங்க, இது பள்ளம்," என்று தேசிங்கு குடையோடு தெருமுனையில் நின்று கத்தினார்.

கண்ணாடியை இறக்கி ஒருவர் சொன்னார்: "பெரியவரே, உங்க தெருவுல நிறுத்தறது உங்களுக்குப் பிடிக்கலைன்னா நேரா சொல்லுங்க. பொய் சொல்லாதீங்க."

"சாயிறது தெரியலியா உமக்கு? வண்டி மூஞ்சி கீழ பாத்து நிக்குதே!"

அவர் உள்ளங்கையைப் பார்த்தார். "ஏத்தம்னுதான் காட்டுது," என்று சொல்லிவிட்டு பிரேக்கில் கால் வைத்தபடியே வண்டியை இறக்கினார்.

ராத்திரிக்குள் முழங்கால் தண்ணீர். தேசிங்கு கட்டிலின் நாலு காலுக்கும் இரண்டிரண்டு செங்கல் வைத்தார். விடிந்தபோது நாற்பது கார்களும் சக்கரம் முழுகி, குளத்தில் இறங்கிய எருமைகள் மாதிரி நின்றன. மூன்றாம் நாள் மட்டக்கண்ணின் அறிக்கை வந்தது. மேட்டு நிலத்தில் நீர் தேங்க வாய்ப்பில்லை, கார்களை நிறுத்தியதால் வடிகால் அடைபட்டிருக்கிறது, இனிமேல் இடைவெளி விட்டு நிறுத்தவும்.

"செங்கல்லு எத்தினி வெச்சிருக்கே?" என்று வேம்பு கேட்டாள்.

"எட்டு."

"ஆணி எங்க இருக்குது, பாத்தியா?" அவள் கையை நீட்டிக் காட்டினாள். கட்டிலில் படுத்திருந்த அவள் தலைக்கு மேலே, கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது ஆணி. "எட்டு செங்கல்லு பத்தாதுய்யா."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் தேசிங்குவை உறுத்தியது. ஐம்பது வருடத்தில் வேம்பு கிண்டல் இல்லாமல் பேசி அவர் கேட்டதில்லை.

*

அடுத்த திங்கட்கிழமை உச்சி வெயிலில், பன்னிரண்டு மணிக்கு, தேசிங்கு கடப்பாரையும் மண்வெட்டியும் ஒரு வடக்கயிறும் எடுத்துக்கொண்டு சிறுபாலத்துக்குப் போனார். இருட்டில் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு முப்பது வருட அனுபவம் வேறு புத்தி சொன்னது. ராத்திரியில் ஒருவன் ரோட்டைத் தோண்டினால் திருடன். பகலில் தோண்டினால் டிபார்ட்மெண்ட். ஒரு குச்சியில் வேம்புவின் பழைய சிவப்பு ஜாக்கெட்டைக் கட்டி ரோட்டோரம் நட்டார். அவ்வளவுதான், அந்த நிமிடத்திலிருந்து அவர் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

ரோடு ஏற ஏற, பாலத்தின் பழைய அடித்திட்டு பக்கவாட்டுச் சரிவில் புதைந்து போயிருந்தது. சரளையை வாரி ஒதுக்கினார். முக்கால் மணி நேரத்தில் அது வெளியே வந்தது. திட்டின் நடுவில், பழைய சுண்ணாம்புக் காரையில், சதுரமாக ஒரு தடம். கல் முதன்முதலில் உட்கார்ந்திருந்த இடம். தேசிங்கு அதைக் கையால் துடைத்தார். ஓரத்தில் யாருடைய விரலோ பதிந்திருந்தது. ஜோதி மேஸ்திரிக்கும் முந்திய ஆள். அவனும் செத்திருப்பான்.

ஒரு கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. வார்டு அதிகாரி குணாளன்.

"என்ன, கேபிளா?"

தேசிங்கு தலைத்துண்டைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆமா சார்."

"சீக்கிரம் முடிங்க. மழை வருது." கார் போய்விட்டது.

ஏற்றும்போது நாலு பேர் வேண்டியிருந்த கல், இறக்குவதற்கு ஒருவரோடு சமாதானமாகிவிட்டது. கடப்பாரையால் நெம்பி, கயிற்றைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஒரு சுற்றுச் சுற்றி, அங்குலம் அங்குலமாக விட்டார். நடுவில் ஒரு தடவை நெஞ்சில் சுருக்கென்றது. கயிற்றை விடாமல் நின்று, மூச்சு திரும்பி வருகிற வரைக்கும் எல்லாக் காலத்து எந்திரங்களையும் அவற்றின் தாய்மாரையும் திட்டினார். பிறகு கல் தன் பழைய தடத்தில் போய் உட்கார்ந்தது. பிசகவே இல்லை. சிமெண்ட் பூசி, அம்புக்குறியை வடக்குப் பக்கம் சரி பார்த்து, பழக்க தோஷத்தில் வெள்ளையும் அடித்துவிட்டார்.

பிரஷைக் கழுவிக்கொண்டிருக்கும்போது கல்வேட்டைக்காரர்கள் இருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். புருஷன் பெண்சாதி போலிருந்தது. கருவி காட்டிய பக்கமாக நடந்து, சரிவில் இறங்கி, கம்பை ஊன்றினார்கள். பத்து நிமிடம். பிறகு அந்தப் பெண் வீல் என்று கத்தினாள்.

"பத்தடி! பத்தடிதான் காட்டுது! பூமி எறங்கிடுச்சு!"

"இருக்காது, மறுபடி வை."

மறுபடி வைத்தார்கள். பத்தடி.

"ஆனா ரோடு மேலயே இருக்கே?" என்றாள் பெண்.

அவன் யோசித்தான். "ரோடு தார். தாங்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது."

ஐந்தடி தூரத்தில் சுண்ணாம்புக் கையோடு உட்கார்ந்திருந்த தேசிங்குவிடம் அவன் கேட்டான்: "ஐயா, கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி இங்க ஏதாவது அதிர்வு தெரிஞ்சுதா?"

"நெஞ்சுல தெரிஞ்சுது," என்றார் தேசிங்கு.

அதையும் பதிவு போட்டார்கள்.

*

மூன்று நாளில் அறுநூறு பேர் வந்து அளந்தார்கள். நாலாம் நாள் பாலத்தடித் தெரு சிவப்புப் பட்டியலுக்குப் போனது. யானை ஒன்றல்ல, இரண்டு வந்து தெருமுனையில் நின்றன. தேசிங்கு வீட்டு வாசலிலேயே ஒரு படகைக் கட்டிப் போட்டார்கள். கார்த்திகையில் பெரிய மழை அடித்தபோது, தண்ணீர் ஆணியின் பாதி உயரத்துக்கு வருவதற்குள்ளேயே வேம்பு படகில் இருந்தாள்.

"குனியாம தூக்குய்யா, முதுகு ஒடிஞ்சு பூடும்," என்று படகுக்காரனுக்கு அவள் யோசனை சொன்னாள். கிண்டல் திரும்பி வந்திருந்தது. தேசிங்குவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு டாக்டர் வனஜோதி கையில் ஒரு சான்றிதழோடு வந்தார். நிலம் இறங்கியதை நேரில் உணர்ந்த ஒரே சாட்சி என்று தேசிங்குவின் பெயர் போட்டிருந்தது.

"டாக்டரம்மா, அத நான்தான் எறக்கினேன். கடப்பாரை போட்டு."

"எழுபத்து நாலு வயசுல, தனியா?" அவர் அன்பாகச் சிரித்தார். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"நாலு எடத்துல உண்மையச் சொன்னேன். ஒருத்தரும் எழுதிக்கல. ஒரே ஒரு நாளு பித்தலாட்டம் பண்ணேன், ரெண்டு லாரி வந்துச்சு. இது என்னா லட்சணம்னு நீங்களே சொல்லுங்க."

"விடுங்க ஐயா, நல்லதுதானே நடந்துச்சு? உங்க கல்லாவது எறங்குச்சு. இந்தக் கடலோரம் முழுக்க இன்னும் ஆயிரத்து நூறு கல்லு உயர்ந்திருக்கு. எல்லாம் மேட்டு நிலம்னு மாறிடுச்சு."

தேசிங்கு பீடியைப் பற்ற வைக்கப் போனவர் நிறுத்தினார். "அந்தக் கல்லுங்கல்லாம் எங்க கீது?"

"எங்கன்னா? பாலத்துப் பக்கம், மதகுப் பக்கம். எல்லாம் ரோட்டோரம்தான்."

"ரோடு யாரு போட்டது?"

"யாரோ கூலிக்காரங்க போட்டிருப்பாங்க. ஏன் ஐயா?"

பற்ற வைக்காத பீடியைக் காதில் செருகிக்கொண்டார். ஆயிரத்து நூறு கல். கல்லுக்கு நாலு பேர். அதில் எத்தனை பேர் இன்னும் உயிரோடு இருப்பார்கள், எத்தனை பேருக்கு இன்னும் கடப்பாரை பிடிக்கக் கை இருக்கும் என்று அவர் எண்ணிப் பார்த்தார். பாதியிலேயே விட்டுவிட்டார்.

*

அடுத்த ஆடியில் தெருமுனையில் ஒரு பெரிய எந்திரம் வந்து நின்றது. சுற்றிலும் கூட்டம். டாக்டர் வனஜோதியும் நின்றிருந்தார்.

"வாங்க ஐயா, உங்க தெருவுக்கு விடிவுகாலம்! நிலம் மூன்றரை அடி எறங்கிப்போச்சில்ல? அதனால இங்க ரோட்டை மூன்றரை அடி ஏத்தச் சொல்லி மட்டக்கண் உத்தரவு போட்டிருக்கு."

"பழச நோண்டிட்டா?"

"இல்ல, அது மேலயேதான். மாவட்டம் முழுக்க இதே மாதிரி."

எந்திரம் உறுமியது. ஜல்லி கொட்டியது. சரிவு மூடிக்கொண்டு வந்தது. கல்லுக்கு ஒரு முழம் இருக்கும்போது எந்திரம் தானாக நின்றது.

"பாருங்க பாருங்க," என்று டாக்டர் அவர் கையைப் பிடித்தார். "இதுக்கு நான்தான் குழு சார்புல மனு போட்டேன். கல்லு மூடிப்போகக் கூடாதுன்னு. மனுசங்களை நம்பி விட முடியாதுல்ல? பழைய ரோடு வேலை வீடியோ எல்லாத்தையும் பார்த்து இந்த எந்திரம் கத்துக்கிட்டிருக்கு. உத்தரவே வேண்டாம், கல்லைக் கண்டா தானே பத்திரப்படுத்திடும்."

எந்திரத்திலிருந்து ஒரு கை நீண்டது. நாலு விரலால் கல்லைப் பூப்போலப் பிடித்தது. தூக்கியது. புது ரோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, காரை பூசி, அம்புக்குறியை வடக்கே திருப்பி, இறுக்கி வைத்தது. பிறகு உள்ளேயிருந்து ஒரு பிரஷ் வந்தது. வெள்ளையடித்தது.

கூட்டம் கைதட்டியது. நாலைந்து கம்புகள் இப்போதே கல்லை நோக்கி நகர்ந்தன.

"என்ன ஐயா, அழகா வச்சுது இல்ல?"

"ஜோதி மேஸ்திரி இருந்தா சந்தோஷப்படுவாரு," என்றார் தேசிங்கு. "மழை எப்போ வருதாம்?"

டாக்டர் உள்ளங்கையைப் பார்த்தார். "இந்த வருஷம் கம்மின்னு சொல்லுது. கவலையே வேண்டாம்."

தேசிங்கு கிழக்கே, கடல் பக்கம், வானத்தைப் பார்த்தார். பிறகு திரும்பித் தெருவுக்குள் இறங்கினார். கட்டிலுக்கு அடியிலிருக்கும் கடப்பாரையை யார் வந்து இரவல் கேட்டாலும் கொடுக்காதே என்று வேம்புவிடம் சொல்லி வைக்க வேண்டும்.